உடம்பு ஏன் சொல்லுக் கேக்குதில்ல? அதிர்ச்சியும் நரம்பும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் மார்கழிக் காற்றுத் தொடங்கினால் கடல் இரைச்சல் இரவில் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். என் மாமிக்கு அதோடு தூக்கம் போய்விடும். விடியச்சாமம் மூன்று மணிக்கு எழும்பி, அடையாள அட்டை, காணி உறுதி, பேரப்பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் கிடக்கிற பையை எடுத்து வாசலடியில் வைத்துவிட்டுக் கதிரையில் குந்திக்கொண்டிருப்பார். இன்னும் பயமா மாமி என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கென்ன பயம் மகள். இந்த உடம்புதான் சொல்லுக் கேக்குதில்ல" என்றார்.

உளவளத்துணைப் பயிற்சியில் குறிப்பேடு நிறைய எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வசனத்துக்குள் அதில் பாதி அடங்கிவிடும். பயம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி எண்ணத்தில் நடப்பதில்லை, நரம்பில் நடக்கிறது. அதனால் நரம்புக்கு விளங்கும் மொழியில்தான் முதலில் பேச வேண்டும். புத்தி சொல்வதெல்லாம் பிறகு.

கரையோரப் பாடசாலைக்குப் புதிதாக நியமனம் பெற்று வரும் ஆசிரியர், மாதர் சங்கத்தில் அல்லது அனர்த்தக் குழுவில் தொண்டராகச் சேர்ந்தவர், 'எனக்கு என்னதான் நடக்குது' என்று தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த அறிவு எல்லாருக்கும் வேண்டும். 1978 நவம்பர் சூறாவளி, முப்பது ஆண்டு யுத்தம், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு என்று ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்கும் தனித்தனிக் கதை கிடக்கிற ஊர்கள் இவை.

முதலில்: காவல்காரனைத் தெரிந்துகொள்ளுங்கள்

வயல் காவலுக்குப் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். யானை இறங்கும் காலத்தில் பரணில் ஒருவர் விழித்திருப்பார். பற்றைக்குள் சரசரப்புக் கேட்டதும் யானைவெடியைக் கொளுத்தி எறிவார். வந்தது யானையா, மாடா, வெறும் காற்றா என்று வயல் நிர்வாகம் பார்க்கிற வட்டவிதானையிடம் விசாரித்துவிட்டு எறிவதில்லை. அப்படி விசாரித்தால் பயிரும் இருக்காது, சிலவேளை ஆளும் இருக்கமாட்டார்.

மூளைக்குள் அந்தக் காவல்காரனின் பெயர் அமிக்டலா. வாதுமை விதை அளவில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உண்டு. கண்ணும் காதும் கொண்டுவரும் செய்தி, வட்டவிதானைபோல யோசிக்கும் முன்மூளை அதை ஆராய்ந்து முடிப்பதற்கு முன்பே ஒரு குறுக்கு வழியால் இதற்குப் போய்ச் சேர்கிறது. 'அட, பூனைதானே' என்று வட்டவிதானை சொல்லும்போது வெடி வெடித்து முடிந்திருக்கும். நீங்கள் துள்ளியும் முடிந்திருக்கும்.

வெடி எறிந்தவுடன் எழும்புவது பரிவு நரம்புத் தொகுதி. பத்தாம், பதினோராம் வகுப்பு விஞ்ஞானத்தில் படித்திருப்பீர்கள், பரீட்சையோடு மறந்திருப்பீர்கள். அதிரனல் சுரப்பி அதிரனலினை இரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகம் பிடிக்கிறது, மூச்சுக் குழாய்கள் விரிகின்றன, கண்மணி அகலுகிறது, ஈரல் சேமித்து வைத்த குளுக்கோசைத் திறந்துவிடுகிறது. தோலுக்கும் குடலுக்கும் போன இரத்தம் தொடைக்கும் தோளுக்கும் திரும்புகிறது. கை குளிர்வதும், நா வறள்வதும், வயிற்றில் புளி கரைப்பதும் இதனால்தான். ஓடவோ அடிக்கவோ உடம்பைத் தயார் செய்கிற வேலை இது. வால்டர் கனன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1915இல் இதை விரிவாக எழுதினார்.

இது வினாடிக் கணக்கில் நடப்பது. பின்னால் இன்னொரு அலை ஆறுதலாக வருகிறது. மூளையின் பரிவகக்கீழ் கபச்சுரப்பிக்குச் சொல்ல, கபச்சுரப்பி அதிரனல் சுரப்பிக்குச் சொல்ல, கோட்டிசோல் என்ற ஓமோன் ஏறுகிறது. அது உச்சத்துக்கு வர ஏறத்தாழ அரை மணித்தியாலம் எடுக்கும். பஸ் விபத்தில் தப்பியவர் அந்த இடத்தில் நன்றாகப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்த பிறகு நடுங்கத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். "அங்க ஒண்டும் இல்லாம இருந்த மனிசன், மறுகா இஞ்ச வந்து நடிக்கிறார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடம்பின் கணக்கு அப்படித்தான் ஓடும்.

ஆபத்து நீங்கியதும் இறக்கி வைப்பது பரபரிவு நரம்புத் தொகுதி. அதன் பெரிய கம்பி வேகஸ் நரம்பு, மூளையிலிருந்து நேராக இறங்கும் பத்தாவது சோடி நரம்பு. நெஞ்சைத் தணித்து, வயிற்றைத் திரும்ப வேலை செய்ய வைக்கும். (வேகஸைப் பற்றி இப்போது யூடியூபில் கேட்பதையெல்லாம் வேதவாக்காக எடுக்காதீர்கள். அதன் கிளைகளை வைத்துக் கட்டிய சில கோட்பாடுகள் பற்றி ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை இருக்கிறது. மூச்சை நீட்டி விட்டால் இதயம் மெதுவாகும் என்பதில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை.)

விறைத்துப்போவது தப்பில்லை

ஓடுவதும் அடிப்பதும் மட்டும் என்று நினைத்தால் பாதிக் கதை விட்டுப்போகும். மூன்றாவது ஒன்று உண்டு. நம்முடைய ஊரில் இதை 'ஏங்கிப்போனான்', 'விறைச்சுப் போயிட்டாள்' என்கிறோம். கால் நகராது, வாய் திறக்காது, பார்த்துக்கொண்டே நிற்பார்கள். காவல்காரன் அந்தக் கணத்தில் தன்பாட்டில் எடுத்த முடிவு அது. அவரைக் கேட்டு எடுத்ததில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுனாமி பற்றி இந்தக் கரையில் நான் கேட்ட கதைகளில் கூடுதலாகக் காயப்படுத்துகிற வசனம் 'அலை வந்தது' என்பதில்லை. 'நான் பாத்துக்கொண்டு நிண்டுட்டன்' என்பதும், 'கையை விட்டுட்டன்' என்பதும்தான். நாவலடி போன்ற இடத்தில், ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல். அங்கே வந்த தண்ணீரின் வேகத்துக்கு எந்தத் தாயின் பிடியும் ஈடில்லை. ஆனாலும் இருபது வருடமாகத் தன்னையே வழக்கில் நிறுத்தி வைத்திருக்கிற தாய்மார் இருக்கிறார்கள். வன்புணர்வுக்கு உள்ளான பெண்ணிடம் 'ஏன் கத்தேல்ல' என்று கேட்கிறவர்களும் இதே அறியாமையில்தான் கேட்கிறார்கள். கத்துவதற்கான குரல் அந்த நேரத்தில் அவளுடைய கட்டுப்பாட்டில் இருந்திருக்காது. நீங்கள் யாரோடு வேலை செய்யப்போனாலும் இந்த ஒன்றை விளங்கிக்கொண்டு போங்கள்.

அடுத்தது: உங்கள் உடம்பை வாசியுங்கள்

மற்றவரிடம் போகும் முன் தன்னிடம் தொடங்குவது நல்லது. ஒரு கொப்பி எடுங்கள். இரண்டு கிழமைக்கு, உடம்பு திடுக்கிட்ட ஒவ்வொரு தடவையும் மூன்று விடயம் எழுதுங்கள்: என்ன கேட்டது அல்லது மணத்தது, உடம்பில் எங்கே தொடங்கியது, அடங்க எவ்வளவு நேரம் எடுத்தது. பெரிய சொற்கள் தேவையில்லை. 'நெஞ்சு படபடப்பு', 'பிடரி இறுக்கம்', 'கை விறுவிறுப்பு' போதும்.

ஆனால் எல்லாப் படபடப்பையும் மனதின் கணக்கில் போடாதீர்கள். தைரொயிட் கூடினாலும், இரத்தம் குறைந்தாலும் நெஞ்சு அடிக்கும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் திடீரென வியர்த்து நடுங்கினால் முதலில் சீனி குறைந்துவிட்டதா என்று பாருங்கள். நெஞ்சு வலி தோளுக்கோ தாடைக்கோ ஏறினால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். மறுபக்கம், ஈசீஜி எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, 'ஒண்டுமில்ல, காஸ்ட்ரிக்' என்று மூன்றாம் தடவையும் வெளிநோயாளர் பிரிவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

மணம், சத்தம், திகதி

சாதாரண நினைவு, அல்பத்தில் ஒட்டிய படம்போல. எந்த வருடம், எந்த இடம் என்று கீழே குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை எழுதுவதில் ஹிப்போகம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. கடும் அதிர்ச்சியில் அது தடுமாறுகிறது. காவல்காரனோ தன் பங்குக்கு ஒவ்வொரு துண்டையும் ஆழமாகப் பதிந்துகொள்கிறான். அதனால் படம் மிஞ்சும், குறிப்பு இருக்காது. பிறகு அந்தத் துண்டில் ஒன்று எங்காவது தட்டுப்பட்டால், அது 'அப்போது' நடந்தது என்று உடம்புக்குத் தெரியாது. இப்போது நடக்கிறது என்று எழும்பிவிடும்.

கோயில் திருவிழா வாணம், கல்யாண வீட்டுப் பட்டாசு, வெள்ள நிவாரணத்துக்கு வருகிற ஹெலிகொப்டர், கழிமண் மணம், டெட்டோல் மணம், நாய்கள் ஒரேயடியாகக் குரைப்பது. மணம் குறிப்பாகக் கொடியது. மற்றப் புலன்கள் மூளையின் இடைத்தரிப்பு ஒன்றைத் தாண்டித்தான் போகும். மணம் அமிக்டலாவுக்கு நேர்வழி வைத்திருக்கிறது. திகதியும் அப்படித்தான். கரையோரப் பாடசாலைக்குப் புதிதாகப் போகும் ஆசிரியர் நாட்காட்டியைக் கையில் எடுக்கும்போதே, டிசம்பர் கடைசிக் கிழமை எத்தனை வீடுகளில் ஆண்டுத்திவசம் என்று அங்குள்ள பழைய ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கிராம உத்தியோகத்தருக்கும், முறைப்பாடு எழுதுபவர்களுக்கும் இதில் ஒரு பாடம் கிடக்கிறது. அதிர்ச்சிப்பட்டவர் கதையை முன்னுக்குப் பின்னாகச் சொல்வார். சட்டையின் நிறம் ஞாபகம் இருக்கும், நேரம் இருக்காது. அதை வைத்துப் பொய் என்று முடிவெடுக்காதீர்கள்.

எழும்பிய உடம்பை இறக்குவது

இனிச் செய்முறை. உங்களுக்கோ, உங்கள் முன்னால் இருப்பவருக்கோ திடீரெனப் பொங்கிவிட்டால், இந்த ஒழுங்கில் போங்கள்.

செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் நிலத்தில் வையுங்கள். மணலோ சீமெந்தோ, அதன் சூட்டையோ குளிரையோ உணரட்டும். கண் மூட வேண்டாம். மூடினால் சிலருக்குப் படம் ஓடத் தொடங்கிவிடும். சுற்றிப் பார்த்து, கண்ணில் படுவதை வாய்விட்டுப் பெயர் சொல்லச் சொல்லுங்கள்: குடம், சைக்கிள், முருங்கை மரம். பிறகு இன்றைய நாளையும் இடத்தையும் சொல்லுங்கள்: "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. நாம களுவாஞ்சிகுடியில இருக்கம். மழை பெய்யுது, கடல் அந்தப் பக்கம்." அந்தப் படத்துக்கு இல்லாமல்போன குறிப்பைத்தான் இப்போது கையால் எழுதிக் கொடுக்கிறீர்கள்.

அதற்குப் பிறகுதான் மூச்சு. இதில் ஊரெல்லாம் ஒரு பிழை நடக்கிறது. 'நல்லா இழுத்து விடு, நல்லா இழுத்து விடு' என்பார்கள். பயந்தவர் ஏற்கெனவே கூடத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் இழுத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, விரல் நுனி விறுவிறுத்து, தலை சுற்றும். செத்துப்போகப்போகிறேன் என்ற பயம் கூடும். இழுப்பதில் கவனம் வேண்டாம். விடுவதை நீட்டுங்கள். நான்கு எண்ணி இழுத்தால், ஆறு எண்ணி, சூடான தேநீரை ஊதுவதுபோல விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சைக் கவனித்தாலே பதறுகிறவர்களும் உண்டு, தண்ணீரில் மூச்சுத் திணறி உயிர் தப்பியவர்கள் குறிப்பாக. அவர்களை வற்புறுத்தாமல் பாதத்தோடும் கண்ணோடும் நின்றுவிடுங்கள். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடிப்பதும் இதயத்தை மெதுவாக்கும். ஆனால் அதையும் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

இந்த மண்ணில் இது புதிதும் இல்லை. திக்ர் ஓதுகிற உம்மாவும், தேவாரம் பாடுகிற அம்மாச்சியும், செபமாலை உருட்டுகிற அன்ரியும் நீளமாக மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2001இல் இத்தாலியில் ஓர் ஆய்வு செய்தார்கள். செபமாலை சொல்பவரும் மந்திரம் சொல்பவரும் தம்மை அறியாமலே நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சுக்கு இறங்கிவிடுகிறார்கள் என்று கண்டார்கள். இதயத்தின் தாளத்துக்கு இதமான வேகம் அது. வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிற ஊர் நம்முடையது. கொதித்தவளைக் குளிர்விக்க வேண்டும் என்பதை நரம்பியல் வந்துதான் நமக்குச் சொல்லித்தர வேண்டும் என்றில்லை.

நூல் கட்டுவது, பார்வை பார்ப்பது, தண்ணி ஓதிக் கொடுப்பது பற்றியும் கேட்பீர்கள். நான் சண்டைக்குப் போவதில்லை. அடி, சூடு, பட்டினி போடாத வரைக்கும் அது நடக்கட்டும், நம்முடைய வேலையும் பக்கத்தில் நடக்கட்டும். 'அதை விட்டால்தான் இது' என்று நிபந்தனை போட்ட தொண்டர்களை அடுத்த கிழமை வீட்டுப் படலைக்குள்ளேயே விடமாட்டார்கள்.

பக்கத்தில் எப்படி இருப்பது

உலக சுகாதார அமைப்பு 2011இல் உள முதலுதவிக்கு ஒரு கைநூல் வெளியிட்டது. அதன் சாரம் மூன்று சொல்: பார், கேள், இணைத்துவிடு. பாதுகாப்பான இடமா என்று பார். அவருக்கு என்ன தேவை என்று கேள். அநேகமாக அது போர்வை, போன் சார்ஜ், மகன் எந்த முகாமில் என்ற தகவல். பிறகு உறவோடு, சேவையோடு இணைத்துவிடு. அந்தப் பட்டியலில் 'நடந்ததைச் சொல்ல வை' என்று இல்லை. வேண்டுமென்றே இல்லை. அதிர்ச்சி நடந்த கையோடு ஆளை இருத்தி எல்லாவற்றையும் கொட்ட வைப்பது பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்பதால் அதைக் கைவிடச் சொல்லியிருக்கிறார்கள்.

இது எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். சுனாமிக்குப் பிறகு நாங்கள் தங்கியிருந்த பாடசாலை முகாமுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் குழுக்கள் வந்தன. எல்லாரும் நிறப் பென்சில் தந்தார்கள், எல்லாரும் அலையை வரையச் சொன்னார்கள். மூன்றாவது குழுவுக்கு நான் ஒரு தென்னை மரம் மட்டும் வரைந்து கொடுத்தேன். அந்த அன்ரிக்குப் பிடிக்கவில்லை. இதற்கு மாறாக, மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் யுத்தத்தைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு மண்ணும் நிறமும் கதையும் மிருகங்களும் கொடுத்தார்கள். எதைச் செய்வது என்பது பிள்ளையின் கையில் இருந்தது. விளையாட்டு வீண்பொழுது என்று நினைக்கிற அதிபர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இருக்கும்போது நேர் எதிரே இருக்காமல் சற்றுச் சாய்வாக, வாசலை மறைக்காமல் இருங்கள். தொடுவதானால் கேளுங்கள். குரலைத் தணித்து, மெதுவாகப் பேசுங்கள். அவருடைய காவல்காரன் உங்கள் சொல்லைவிடக் குரலைத்தான் கேட்கிறான். 'அழாத', 'மறந்திடு', 'அவங்களப் பாரு, உனக்கு இவ்வளவோடு போச்சுதே' என்ற மூன்றும் வேண்டாம். "நான் இஞ்சதான் இருக்கன். கதைக்கோணும் எண்டில்ல" என்பது பெரும்பாலும் போதும். தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்; சூட்டோடு கைக்குள் பிடித்திருக்க ஒன்று கிடைக்கும்.

எப்போது வைத்தியரிடம்?

முதல் சில கிழமைகளில் கெட்ட கனவு, திடுக்கிடல், சாப்பாடு இறங்காமை எல்லாம் பெரும்பாலானவர்களுக்கு வரும், பெரும்பாலானவர்களுக்குத் தானாகத் தணியும். ஒரு மாதம் கடந்தும் கனவு விடாமல், அந்தப் பக்கம் போகவே முடியாமல், எந்நேரமும் உடம்பு விழிப்பிலேயே நின்றால், மனவடு நோயாக (PTSD) மாறியிருக்கலாம். ஆண்களிடம் இது வேறு முகத்தோடு வரும்: இரவுக்கு இரவு கசிப்பு, சின்ன விடயத்துக்குப் பிள்ளைக்கு அடி, வேலைக்குப் போகாமை. இதற்குச் சிகிச்சை உண்டு. அதிர்ச்சியை மையமாக வைத்த உளச்சிகிச்சைகளும், தேவையானவர்களுக்கு மருந்தும் பலனளிக்கின்றன. தூக்கக் குளிசையை மட்டும் பாமசியில் கேட்டு வாங்கி விழுங்கிக்கொண்டிருக்காதீர்கள். அது பழகிவிடும், மனவடுவை ஆற்றாது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ உளநலக் கிளினிக் எந்த நாளில் என்று கேளுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

சாவைப் பற்றிப் பேசினால் நழுவாதீர்கள். "சாகோணும் எண்டு யோசிச்சீங்களா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள வயல் மருந்துப் போத்தல்களை எடுத்து வேறு வீட்டில் பூட்டி வையுங்கள். வேளாண்மை ஊர்களில் இது சின்ன விடயம் இல்லை. கொடிய விவசாய நஞ்சுகளை 1995இலும் பின்னரும் தடை செய்த பிறகுதான் இலங்கையில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. அந்தக் கணம் கடக்கும்வரை கைக்கெட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துவிடுகிறார்கள்.

மாமி கிளினிக்குக்குப் போனார், முதலில் எனக்காக, பிறகு தனக்காக. போன மார்கழியிலும் மூன்று மணிக்கு வெளிச்சம் எரிந்தது. நான் போய்ப் பார்க்கும்போது வெறுங்காலோடு சீமெந்தில் நின்று பிளேன்டி ஊற்றிக்கொண்டிருந்தார். "உடம்பு எழும்பிட்டு மகள். பாவம், தனிய விடாம நானும் கூட எழும்பினன்" என்றார். பை அதே வாசலடியில்தான் கிடந்தது. அதை நான் எடுத்து உள்ளே வைக்கவில்லை. வெள்ளக் காலத்தில் காணி உறுதிக்கு அதைவிட நல்ல இடம் எங்கள் வீட்டில் இல்லை.